கார் பேட்டரி: வீட்டில் சார்ஜும் சோதனையும்

12 வோல்ட் கார் பேட்டரிக்குள் ஆறு அறைகள் உண்டு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.1 வோல்ட் தரும். வண்டியை அணைத்துச் சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டரை வைத்தால் 12.6 காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் மிச்சம்; 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி.

சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும். காற்றில் அது 4 சதவீதம் கலந்தாலே ஒரு பொறி போதும், வெடித்துவிடும். அதனால் காற்றோட்டமான இடம் வேண்டும். பீடி, ஊதுபத்தி எதுவும் அருகில் கூடாது. உள்ளே இருப்பது கந்தக அமிலம் என்பதால் கண்ணாடியும் கையுறையும் அவசியம்.

பேட்டரியைக் கழற்றும்போது முதலில் மைனஸ் வயர். சார்ஜரின் சிவப்பு கிளிப் பிளஸ்ஸில், கறுப்பு மைனஸில். இரண்டையும் மாட்டிய பிறகே சுவிட்ச். கிளிப்புகளைக் கழற்றும்போது சுவிட்சை அணைப்பதுதான் முதலில். இந்த வரிசையில்தான் பலர் தவறுகிறார்கள். 35 ஆம்பியர் மணி பேட்டரிக்கு 3.5 ஆம்பியர் மின்னோட்டம் போதும், அவசரப்பட்டால் சூடேறும். மூடி திறக்கும் வகையானால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றலாம்.

முழு சார்ஜுக்குப் பிறகும் ஸ்டார்ட் செய்யும் நொடியில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால், பெரும்பாலும் அந்தப் பேட்டரியின் ஆயுள் முடிந்தது. உப்பிய, விரிசல் விட்ட பேட்டரியைச் சார்ஜ் செய்யவே கூடாது.