எஃப் கார்டு ஏன் வலிக்கிறது?

கிட்டார் வகுப்பில் சேர்ந்து பாதியில் விட்டவர்களிடம் காரணம் கேட்டுப் பாருங்கள். நேரமில்லை என்பார்கள். கொஞ்சம் துருவினால் எஃப் கார்டு வெளியே வரும். சுட்டுவிரலை முதல் ஃப்ரெட்டில் ஆறு கம்பிகளுக்கும் குறுக்கே கிடத்தி, மற்ற மூன்று விரல்களால் வேறு மூன்று இடங்களைப் பிடிக்க வேண்டும். பிடித்து மீட்டினால் பாதிக் கம்பிகள் ஊமையாகக் கிடக்கும். விரலில் பலமில்லை என்று முடிவுகட்டி, ஸ்பிரிங் வைத்த கைப்பிடியை வாங்கி அமுக்கத் தொடங்குவார்கள்.

அந்தக் காசு வீண். விரலுக்குள் அதை மடக்கும் தசையே கிடையாது, யாருக்கும். அழுத்தித் தரும் பெரிய தசைகள் முன்கையில், முழங்கைக்குக் கீழே இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் மணிக்கட்டு வழியாக ஓடி விரல் எலும்புகளைப் பிடித்து இழுக்கின்றன. சைக்கிள் பிரேக் கேபிள் மாதிரிதான். கேபிள் நடுவில் ஒடிந்து மடங்கியிருந்தால் எவ்வளவு அமுக்கினாலும் பிரேக் சரியாகப் பிடிக்காது.

இப்போதே சோதித்துப் பார்க்கலாம். மணிக்கட்டை உள்பக்கமாக முடிந்தவரை மடக்கிக்கொண்டு கையை இறுக மூடுங்கள். விரல்கள் முழுதாக மூட மறுக்கும். மணிக்கட்டை நிமிர்த்துங்கள், அதே கைக்குப் பிடி வந்துவிடும். மணிக்கட்டு மடங்கும்போதே தசை பெருமளவு சுருங்கிவிடுகிறது, மேற்கொண்டு இழுக்க அதற்கு இடமில்லை. தவிர, மணிக்கட்டில் உள்ள குறுகலான சுரங்கத்துக்குள் ஒன்பது தசைநாண்களும் ஒரு முக்கிய நரம்பும் நெருக்கியடித்துப் போகின்றன. மணிக்கட்டு மடங்கினால் அதற்குள் அழுத்தம் ஏறுகிறது.

அப்படியானால் மணிக்கட்டு ஏன் மடங்குகிறது? காரணம் கையில் இல்லை, மடியில் இருக்கிறது. புதிதாகக் கற்பவருக்குத் தன் விரல்கள் தெரிய வேண்டும். அதனால் கிட்டாரின் முகத்தை வானம் பார்க்கச் சாய்த்து, தலையையும் முன்னால் நீட்டிக் குனிகிறார். நெக் அவரைவிட்டு விலகிப்போக, இடது கை சுற்றி வளைந்து போய்த்தான் கம்பியைத் தொட முடிகிறது. கட்டிலில் சம்மணமிட்டோ சோபாவில் சரிந்தோ உட்கார்ந்தால் இன்னும் மோசம். நெக் கீழே தாழும், அதைத் தாங்கும் வேலையும் இடது கையின் தலையில் விழும்.

இது இன்று முளைத்த பிரச்சினை இல்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிட்டார் சிறியது, மடியில் நிற்காது. ஸ்பெயினின் கிட்டார் கலைஞர் ஃபெர்னாண்டோ சோர் அதை மேசை விளிம்பில் சாய்த்துக்கொள்ளச் சொன்னார். அவர் காலத்து தியோனிசியோ அகுவாதோ ஒருபடி மேலே போய், கிட்டாரைத் தாங்க முக்காலி ஒன்றையே வடிவமைத்தார். பின்னால் இன்னொரு ஸ்பானியக் கலைஞர் தார்ரெகாவின் (1852–1909) வழியில் இடது காலைச் சிறு பலகைமேல் தூக்கிவைக்கும் பழக்கம் நிலைபெற்றது. அதில் இடுப்பு ஒருபக்கமாகச் சாய்வதால், பலரும் இப்போது தொடையில் பொருத்தும் தாங்கிக்கு மாறிவிட்டார்கள். இத்தனை பேரும் தேடியது ஒன்றைத்தான்: இடது கையை எடுத்துவிட்டாலும் கிட்டார் அசையக் கூடாது.

கைப்பிடி இல்லாத நாற்காலியின் முன்பாதியில் உட்கார்ந்து, நெக் சற்றே மேல்நோக்கி இருக்கும்படி வைத்து, கிட்டாரின் முதுகை நெஞ்சோடு ஒட்டி நிறுத்துங்கள். கட்டைவிரல் நெக்கின் பின்புறம், ஏறக்குறைய நடுவிரலுக்கு நேராக இருக்கட்டும். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கட்டைவிரலை நெக்குக்கு மேலே கொண்டுவந்து கம்பியையே அழுத்தினாரே என்று கேட்பீர்கள். அவருக்கு வாய்த்தது அசாதாரண நீளமுள்ள கை. ஆரம்பத்தில் அதைப் பின்பற்றினால் உள்ளங்கை நெக்கில் ஒட்டிக்கொண்டு விரல்கள் படுத்துவிடும்.

மறுபடி எஃப். அந்தக் கார்டை உற்றுப் பாருங்கள்: மூன்று, நான்கு, ஐந்தாம் கம்பிகளை மற்ற விரல்கள் பார்த்துக்கொள்கின்றன. சுட்டுவிரல் ஒலிக்கவைக்க வேண்டியது ஒன்று, இரண்டு, ஆறாம் கம்பிகளை மட்டுமே. எல்லாக் கம்பிகளையும் சமமாக நசுக்குவது வெட்டி வேலை. விரலைக் கட்டைவிரல் பக்கமாகச் சற்று உருட்டி, எலும்புள்ள விளிம்பை ஃப்ரெட்டை ஒட்டிப் பதியுங்கள். ஃப்ரெட்டைவிட்டுத் தள்ளிப்போகப் போக அதிக அழுத்தம் தேவைப்படும். கட்டைவிரலால் நெரிக்காதீர்கள். வலது முன்கை கிட்டார் உடலை லேசாக அழுத்தட்டும், இடது கையின் எடை கம்பியைப் பின்னால் இழுக்கட்டும். கிட்டாரே நெம்புகோலாகிவிடும், தோளும் முதுகும் வேலையில் பங்கெடுக்கும்.

இதே வடிவத்தை முதலில் ஐந்தாம் ஃப்ரெட்டில் பழகுவது புத்திசாலித்தனம். 650 மி.மீ. கம்பி நீளமுள்ள கிளாசிக்கல் கிட்டாரில் முதல் ஃப்ரெட்டின் அகலம் சுமார் 36 மி.மீ., ஐந்தாவதில் 29தான். விரல்கள் அவ்வளவு விரிய வேண்டியதில்லை.

விரல் நுனி எரிவது சகஜம், சில வாரங்களில் தோல் காய்த்துவிடும். மணிக்கட்டு வலியும், கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்துப்போவதும் வேறு கதை. அவற்றைப் பொறுத்துக்கொண்டு வாசிப்பது வீரமல்ல. கிட்டாரைக் கீழே வையுங்கள், நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் எஃப் மட்டும் மசியவில்லையா? முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டி, ஒரு ஃப்ரெட் தள்ளி அதே வடிவத்தைப் பிடித்துப் பாருங்கள். திடீரென்று சுலபமாகிவிட்டால் கோளாறு கிட்டாரில்: நெக்கின் தலைமாட்டில் கம்பிகள் உட்காரும் நட்டின் பள்ளங்கள் உயரமாக இருக்கின்றன. விலை மலிந்த புதுக் கிட்டார்களில் இது அடிக்கடி காணும் குறை. பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தால் சிறு அரத்தால் பள்ளங்களை இறக்கித் தருவார்.