றங்குப் பெட்டிக்குள் நான்கு அட்டவணைகள்

யாழ்ப்பாணத் தீவகத்துக் காணி உறுதி ஒன்றை விரித்தால் காணிக்கு ஒரு பெயர் இருக்கும். அதன்பின் பரப்பும் குழியுமாக அளவு. அடுத்து நான்கு எல்லைகள்: கிழக்கே இன்னாரின் காணி, வடக்கே ஒழுங்கை என்று. கடைசியில் ‘இதில் பிரிக்கப்படாத நாலில் ஒரு பங்கு’ என்று ஒரு வரி வரும். கணினியில் காணிப் பட்டியல் போட உட்காரும் பேரப்பிள்ளை தடுக்கி விழுவது அந்த வரியில்தான்.

ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் நயினாதீவிலும் வேர்விட்ட குடும்பங்கள் இன்று ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் என்று பரந்து கிடக்கின்றன. றங்குப் பெட்டியில் கிடந்த உறுதிகளைக் கைபேசியில் படம்பிடித்து எக்செல் தாளில் ஏற்றினால் வேலை முடிந்தது என்றே பலரும் நினைக்கிறார்கள். ‘புளியடி வளவு’ என்று ஒரு காணி, அளவு 2 பரப்பு 9 குழி, உரிமை நான்கு பிள்ளைகளுக்கு என்று வைத்துக்கொள்ளலாம். நிரைக்கு ஒரு பங்காளி: காணிப் பெயர், அளவு, ஆளின் பெயர், தொலைபேசி எண், பங்கு. பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும்.

மூத்த மகளுக்கு மூன்று காணிகளில் பங்கு. ஆகவே அவரது தொலைபேசி எண் மூன்று இடத்தில். எண் மாறியபோது இரண்டைத் திருத்தியவர் மூன்றாவதை மறந்துவிட்டார். இனி எது சரி என்று தாளுக்கே தெரியாது. இரண்டாவது மகனுக்கு ஒரே ஒரு காணியில்தான் பங்கு. அதை விற்றதும் நிரையை அழித்தார்கள்; அவரது முகவரியும் கூடவே போயிற்று. கடைக்குட்டிக்கு இன்னும் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை, அதனால் அவரைப் பதியவே இடமில்லை. தரவுத்தளப் பாடநூல்கள் முதல் அத்தியாயங்களில் விளக்கும் மூன்று கோளாறுகளும் ஒரே வளவுக்குள் வந்துவிட்டன.

இந்தக் கோளாறுகளுக்கு வழி சொன்னவர் எட்கர் கொட். ஐ.பி.எம். நிறுவனத்தின் கலிபோர்னியா ஆய்வுகூடத்தில் வேலைசெய்த ஆங்கிலேயர். 1970 ஜூனில் அவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்துதான் தொடர்புசார் தரவுத்தளம் பிறந்தது. 1981இல் அதற்காக ட்யூரிங் விருதும் கிடைத்தது. பிறந்த இடம் இங்கிலாந்தின் தெற்கே, கூழாங்கல் திட்டு ஒன்றால் பெருநிலத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் போட்லண்ட் தீவு. ஆக, அவரும் ஒரு தீவார்தான்.

அதற்கு முன்பு பரவலாக இருந்த முறை மரம் போன்றது. தகப்பனுக்குக் கீழே காணி, காணிக்குக் கீழே உறுதி என்று கிளை கிளையாக இறங்க வேண்டும். ஒரு காணிக்கு நான்கு உரிமையாளர் என்றால் அது எந்தக் கிளையில் தொங்கும்? கொட் மரத்தையே விட்டுவிட்டார். எல்லாவற்றையும் எளிய அட்டவணைகளாக வைத்து, ஓர் அட்டவணையில் உள்ள பெறுமதியைக் கொண்டே மற்றதோடு இணைக்கலாம் என்றார்.

புளியடி வளவை அப்படிப் பிரித்தால் நான்கு அட்டவணைகள் வரும். ஆட்கள் ஒன்று, காணிகள் ஒன்று, உறுதிகள் ஒன்று. நான்காவதுதான் புதிதாகக் கற்பவருக்குச் சட்டென்று பிடிபடாதது: பங்குகள். ஒரு காணிக்குப் பல ஆட்கள், ஓர் ஆளுக்குப் பல காணிகள். அந்த உறவை ஆட்கள் அட்டவணையிலும் வைக்க முடியாது, காணிகள் அட்டவணையிலும் வைக்க முடியாது. அதற்குத் தனி வீடு வேண்டும். அங்கே இருப்பது ஆள் எண், காணி எண், எந்த உறுதிப்படி, எவ்வளவு பங்கு என்பவை மட்டும். தொலைபேசி எண் இப்போது ஒரே இடத்தில். பங்கை விற்றாலும் ஆள் ஆளாகவே இருப்பார்.

ஒவ்வொரு நிரையையும் தனித்துக் காட்டும் அடையாளத்தை முதன்மைச் சாவி என்று பாடசாலையில் சொல்லிக்கொடுக்கிறார்கள். எதைச் சாவியாக்குவது என்பதில் தீவகம் நல்ல பாடம் வைத்திருக்கிறது. பெயர் சாவியாகாது. நெடுந்தீவுதான் டெல்ப், நயினாதீவுதான் சிங்களத்தில் நாகதீப, ஒல்லாந்தர் வரைபடத்தில் ஹார்லம். ஒல்லாந்தர் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டியதில் இன்றுவரை வழக்கில் நிற்பது டெல்ப் மட்டுமே. கிராம அலுவலர் பிரிவுகளுக்கு அரசு குறியீடு கொடுத்தது இதனால்தான் உதவுகிறது: ஜே/1 முதல் ஜே/6 வரை என்றால் எந்த மொழியிலும் அது நெடுந்தீவு.

தீவையும் பிரதேச செயலகத்தையும் ஒன்றாக நினைப்பதும் ஆபத்து. ஊர்காவற்றுறையும் வேலணையும் ஒரே தீவில் இருக்கின்றன. ஆனால் முன்னது தீவகம் வடக்கு, பின்னது தீவகம் தெற்கு. கடல் தாண்டி இருக்கும் நயினாதீவோ தெற்கோடு சேர்ந்தது. தீவு ஒரு நிரல், செயலகம் வேறொரு நிரல்.

சரி, ஆளுக்குத் தேசிய அடையாள அட்டை எண்ணைச் சாவியாக்கினால் என்ன? பலரும் அதைத்தான் செய்கிறார்கள். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். 2016 முதல் பன்னிரண்டு இலக்கம். ஒரே ஆள் புதிய அட்டை எடுத்தால் எண்ணின் வடிவம் மாறிவிடுகிறது. கனடாவில் பிறந்த பேத்தியிடம் அந்த அட்டையே இல்லாதிருக்கலாம். தரவுத்தளம் தானே வழங்கும் அர்த்தமற்ற ஒரு தொடரெண்தான் பாதுகாப்பு; அடையாள அட்டை எண் பக்கத்தில் ஒரு தகவலாக இருந்துவிட்டுப் போகட்டும்.

உறுதி இலக்கத்திலும் ஒரு பொறி உண்டு. ஒவ்வொரு நொத்தாரிசும் தாம் முடிக்கும் உறுதிகளுக்குத் தாமே வரிசையாக இலக்கமிடுகிறார். ஆகவே 412ஆம் இலக்க உறுதி பலரிடம் இருக்கும். நொத்தாரிசும் இலக்கமும் சேர்ந்தால்தான் உறுதி எதுவென்று சொல்ல முடியும். கூட்டுச் சாவிக்கு இதைவிட நல்ல உதாரணம் பாடநூலில் கிடைப்பது அரிது.

அளவைச் சேமிப்பதில் இரண்டு நுணுக்கம். ‘2 பரப்பு 9 குழி’ என்று ஒரே கட்டத்தில் எழுதினால் கணினிக்கு அது வெறும் எழுத்து. கூட்டவும் முடியாது, ஒப்பிடவும் முடியாது. பரப்புக்கு 18 குழி என்பதால் 45 என்று குழியிலேயே வைத்தால் போதும், காட்டும்போது பரப்பாக்கிக்கொள்ளலாம். பங்கு இதைவிடச் சிக்கல். நாலில் ஒன்று வைத்திருந்தவர் தன் பங்கை மூன்று பிள்ளைகளுக்குச் சமமாக எழுதினால் ஆளுக்குப் பன்னிரண்டில் ஒன்று. அதை 0.08 என்று பதிந்தால் மூன்றும் சேர்ந்து 0.24தான். 45 குழியில் கிட்டத்தட்ட அரைக் குழி காற்றில் போய்விடும். வேலிச் சண்டைக்கு அது தாராளம். தொகுதி ஒரு நிரலில், பகுதி இன்னொரு நிரலில் என்று பின்னமாகவே வைத்துவிட்டால் வம்பில்லை.

ஆளையும் நிலத்தையும் பிரித்து எழுதும் பழக்கம் இலங்கைக்குப் புதிதல்ல. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் இலங்கையில் தோம்பு என்ற பதிவேட்டை எழுதியபோது ஆட்களுக்கு ஒன்று, நிலத்துக்கு ஒன்று என்று இரண்டு வகையாக வைத்தார்கள். நோக்கம் வரியும் ஊழியமும்தான், ஊருக்குச் சேவை ஒன்றுமில்லை. 1707இல் கிளாஸ் ஈசாக் என்ற ஒல்லாந்த அதிகாரி யாழ்ப்பாணத்தாரின் வழக்குச் சட்டமான தேசவழமையையும் எழுத்தில் கொண்டுவந்தார்.

அந்தத் தேசவழமை இன்றும் சட்டம். பிரிக்கப்படாத பங்கை வெளியாருக்கு விற்குமுன் பங்காளிகளுக்கு அறிவிக்க வேண்டும். ‘இந்தக் காணியில் என்னைத் தவிர யார் யாருக்குப் பங்கு, அவர்களை எப்படித் தொடர்புகொள்வது?’ என்பது வெறும் பயிற்சிக் கேள்வி அல்ல. ஒற்றை எக்செல் தாளில் அரைநாள் தேட வைக்கும் அந்தக் கேள்விக்கு, பங்குகளையும் ஆட்களையும் ஆள் எண் வழியே இணைத்தால் எஸ்.கியூ.எல். என்ற வினவல் மொழியில் நாலைந்து வரி விடை தந்துவிடும். மென்பொருளுக்குக் காசும் வேண்டாம், எஸ்.கியூ.லைட் இலவசம், கைபேசிகளுக்குள்ளும் அதுவே ஓடுகிறது.

எல்லைகளைப் பதியும்போது இன்னொரு சங்கடம் வரும். நெடுந்தீவில் காணிக்குக் காணி பவளக் கல் அடுக்கிய மதில் நிற்கிறது. உறுதியோ ‘கிழக்கே இன்னாரின் காணி’ என்கிறது. அந்த இன்னார் காலமாகிப் பல பத்தாண்டுகள் ஆகியிருக்கும். காணி இரண்டு கை மாறியிருக்கும். ஆகவே எல்லை நிரல் ஆளைச் சுட்டக் கூடாது, பக்கத்துக் காணியின் எண்ணைச் சுட்ட வேண்டும். காணி அட்டவணை தன்னையே சுட்டிக்கொள்ளும் இந்த இடத்தில் கற்பவர்கள் கொஞ்சம் திகைப்பார்கள். உறுதியில் உள்ள வாசகத்தையும் அப்படியே தனி நிரலில் வைத்திருப்பது நல்லது, நீதிமன்றம் கேட்பது அதைத்தான்.

கடைசியாக வெற்றுக் கட்டங்கள். 1990களின் தொடக்க இடப்பெயர்வில் தீவகத்தார் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டு வெளியேறினார்கள். உறுதி இலக்கம் என்ற கட்டம் பல காணிகளுக்கு வெறுமையாகவே நிற்கும். தரவுத்தளம் அதை ‘நல்’ என்று குறிக்கும். பூச்சியம் வேறு, ‘நல்’ வேறு. ஆனால் ஏன் வெறுமை என்று அது சொல்லாது. உறுதி தொலைந்துபோயிருக்கலாம். முதுசொமாக வந்த காணிக்கு உறுதியே எழுதாமல் விட்டிருக்கலாம். பாரிசில் இருக்கும் சித்தப்பாவின் அலுமாரியில் கிடக்கலாம். மூன்றுக்கும் அடுத்த வேலை வேறு வேறு. அதனால் உறுதி இலக்கத்துக்குப் பக்கத்தில் ‘நிலை’ என்று இன்னொரு நிரல் போட்டு, மூன்றில் எது என்று குடும்பத்தில் மூத்தவரிடம் கேட்டுத்தான் நிரப்ப வேண்டும்.