எதிர்க்கட்சிக்காரர் மானேஜரானால்?

மானேஜர் மாறுகிறார் என்றதும் கால்பந்து ரசிகர்கள் ஏன் இப்படிக் கொதிக்கிறார்கள் என்று விடுதி நண்பர்கள் என்னைக் கேட்பதுண்டு. எவர்ட்டன் கதையைச் சொன்னால் விளங்கும்.

கல்கத்தாவில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் போல, இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரில் லிவர்ப்பூல், எவர்ட்டன் என்று இரு கழகங்கள். 2005-இல் லிவர்ப்பூலுக்கு ஐரோப்பியக் கோப்பை வென்று தந்தவர் ஸ்பானியரான ராபேல் பெனிட்டஸ். 2007-இல் எவர்ட்டனைச் சிறிய கழகம் என்று வேறு சொல்லி வைத்தார். 2021-இல் எவர்ட்டன் மானேஜர் பதவிக்கு அவர் பெயரே அடிபட்டது!

ஆள் கெட்டிக்காரர், ஸ்பெயினில் வலென்சியாவுக்கு இரு முறை லீக் பட்டம் வாங்கித் தந்தவர். வெற்றி கிடைத்தால் போதாதா என்றனர் சிலர். பலருக்கு மனம் ஒப்பவில்லை; எதிர்ப்புப் பதாகைகள்கூடத் தொங்கின.

இதை அசட்டுப் பிடிவாதம் என்று நான் சொல்லமாட்டேன். மானேஜரைப் பொறுக்குவது முதலாளி. ரசிகனிடம் இருப்பது பழைய நினைவு ஒன்றுதான். அதையும் மறந்துவிடு என்றால் எப்படி? இன்னொன்று: தோல்வி வந்தால், மற்றவருக்குக் கிடைக்கும் பொறுமை இத்தகையவருக்குக் கிடைக்காது.

பெனிட்டஸ் நியமனம் பெற்றார். முதல் ஆறு லீக் ஆட்டங்களில் நான்கு வெற்றி, முணுமுணுப்பு அடங்கியிருந்தது. பிறகு சறுக்கல். 2022 ஜனவரியில் நார்விச்சிடம் தோற்ற மறுநாளே அவரை அனுப்பிவிட்டார்கள்.