பசுவின் உதிரமும் சினைப் பருவமும்

பசுவின் வாலில் இரத்தக் கறையைக் கண்டதும், மாடு பருவத்திற்கு வந்துவிட்டதென்று மகிழ்ந்து, அதனைக் கால்நடை மருந்தகத்திற்கு ஓட்டிச் செல்லும் விவசாயிகளை நாம் பல ஊர்களில் கண்டிருக்கிறோம். மருத்துவர் ஊசி போட மறுத்துத் திருப்பி அனுப்புகிறார். அவர்மீது மனத்தாங்கல் உண்டாகிறது. சில வேளை பஞ்சாயத்திலும் புகார் எழுகிறது. குற்றம் மருத்துவருடையதன்று. மகளிரின் மாதவிடாயோடு மாட்டின் உதிரத்தை ஒன்றாக எண்ணுவதால் விளையும் பிழை இது.

மகளிருக்குக் கருமுட்டை வெளிப்பட்டு, கரு தங்காவிடில், ஏறத்தாழ 14 நாட்களில் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் குறைகிறது. கருப்பையின் உட்படலம் உதிர்கிறது. பசுவுக்கு மாதவிடாய் கிடையாது. அதன் முட்டை முதிரும்போது ஈஸ்டிரோஜன் என்னும் மற்றொரு ஹார்மோன் இரத்தத்தில் பெருகுகிறது. அப்போதுதான் பசு ஓயாமல் கத்துகிறது. பிற மாடுகள் தன்மேல் தாவினால் விலகாமல் நிற்கிறது. கண்ணாடி போன்ற வழும்பு ஒழுகுகிறது. இந்நிலை 12 முதல் 18 மணி நேரமே நீடிக்கும். அது அடங்கிச் சுமார் 12 மணி நேரத்தில் முட்டை வெளிப்படுகிறது. ஈஸ்டிரோஜன் குறைந்துவிட்டமையால், ஓரிரு நாள் கழித்துக் கருப்பையின் நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து சிறிது உதிரம் கசிவதுண்டு. நாம் காண்பது அதனையே. பருவம் வந்து போனதற்கு அது அடையாளம். சினை பிடித்ததையோ பிடிக்காததையோ அது காட்டாது.

முட்டை வெளிப்பட்ட இடத்தில் தோன்றும் மஞ்சள் நிறத் திசு, புரோஜெஸ்டிரோனைச் சுரந்து அடுத்த பருவத்தைத் தடுத்து நிற்கும். சினை பிடிக்காவிடில், சுமார் 17ஆம் நாளில் கருப்பையே புரோஸ்டகிளாண்டின் என்னும் பொருளை அனுப்பி அதனைக் கரைத்துவிடும். 21ஆம் நாளையொட்டிப் பருவம் திரும்பும். ஒரு பருவத்தைத் தவறவிட்டால் மூன்று வாரத் தீவனச் செலவு வீண் என்பதைக் கணக்கிட்டுக் கொள்ளலாம்.

காலையில் அறிகுறி கண்டால் அன்று மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் கருவூட்டல் செய்விக்க வேண்டும். உதிரத்தை மட்டுமே கண்டவர்கள் அந்நாளை நாட்காட்டியில் குறித்து, 15ஆம் நாள் முதல் ஒரு வாரம் மாட்டைக் கூர்ந்து கவனித்தல் அவசியம். எருமை வளர்ப்போருக்கு இதில் தொல்லை அதிகம். அதன் அறிகுறிகள் மங்கலானவை, பெரும்பாலும் இரவிலேயே தோன்றுபவை. ஆதலின் படுக்கப் போகுமுன் ஒரு முறையும், விடியுமுன் ஒரு முறையும் விளக்கோடு தொழுவத்திற்குச் சென்று பார்த்து வருதல் நலம்.