பழி மிக்ஸி மேல், தின்பது ஃபிரிட்ஜ்

ஆர்.வி. வைத்திருக்கும் எங்கள் அரிசோனா தமிழ்க் குடும்பங்களில் முதல் சண்டை மிக்ஸியில்தான் ஆரம்பிக்கும். "நீ சட்னி அரைச்சதுலதான் பேட்டரி இறங்கிருச்சு" என்பார் வீட்டுக்காரர். அன்று ராத்திரியே இன்னும் இரண்டு சோலார் பேனலுக்கு விலை பார்க்க உட்கார்ந்துவிடுவார். நான் காரைக்குடி வயர்மேன் ஒருவரின் மகள். கணக்குப் போடாமல் கம்பியைத் தொட விடமாட்டேன்.

காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் சின்ன வீடுதான் எங்கள் ஆர்.வி. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே. காசு கொடுத்துத் தங்கும் முகாம்களில் கரண்ட் இருக்கும், கவலையில்லை. ஆனால் குளிர்காலம் வந்தால் ஊரே கிளம்பிப் போவது குவார்ட்ஸைட் பாலைவனத்துக்கு. அங்கே லா போசா என்ற பரந்த வெளியில், செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை, மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை அனுமதிச்சீட்டு கொடுத்துத் தங்க விடுகிறது. வண்டிக்கு மின் இணைப்பு கிடையாது. வெயில் மட்டும் தாராளம்.

மிக்ஸிக்கே வருவோம். 750 வாட் மிக்ஸி 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வழியாக 70 ஆம்பியர் வரை உறிஞ்சும். மீட்டரைப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் மூன்று நிமிடம் ஓடினால் செலவு 0.04 யூனிட், அவ்வளவே. ஃபிரிட்ஜ் சத்தமே போடாது. ஒரு நாளில் முக்கால் யூனிட்டுக்குக் குறையாது. முன்பு ஆர்.வி. ஃபிரிட்ஜ்கள் கேஸில் ஓடின. இப்போது புது வண்டிகளில் பெரும்பாலும் 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ்தான். பாதிப் பேர் பேனல் கூட்டுவதற்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம். ஹீட்டர் கேஸில் எரிந்தாலும் அதன் விசிறிக்குக் கரண்ட் வேண்டும்: ஐந்து மணி நேரத்துக்கு அரை யூனிட். எதுவும் சொருகாத இன்வெர்ட்டரை அணைக்காமல் விட்டால், 20 வாட் வீதம் நாள் முழுக்க இன்னொரு அரை யூனிட். லேப்டாப், விளக்கு, தண்ணீர் பம்ப், குக்கர் எல்லாம் சேர்த்தால் இரண்டரை யூனிட் வந்துவிடும். வேலை முடிந்ததும் இன்வெர்ட்டரை அணைக்கப் பழகினால் கிட்டத்தட்ட இரண்டில் நிறுத்தலாம்.

வண்டி வரும்போது கூரையில் 200 வாட் பேனல் ஒன்று, 100 ஆம்பியர் ஹவர் ஆசிட் பேட்டரி ஒன்று இருந்தன. அந்தப் பேட்டரியில் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆக, கைக்கு வருவது 0.6 யூனிட். கூரை முழுக்கப் பேனல் போட்டாலும் வரும் கரண்டைச் சேர்த்து வைக்க இடமில்லை. அதனால் முதலில் மாற்றியது பேட்டரியைத்தான். அதே அளவு லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி இரண்டு, மொத்தம் இரண்டரை யூனிட், கிட்டத்தட்ட முழுக்கப் பயன்படுத்தலாம். உறைநிலைக்குக் கீழே மட்டும் சார்ஜ் ஏற்றக்கூடாது, உள்ளே லித்தியம் படிந்து கெட்டுவிடும். எங்கள் பேட்டரிகளை அதனால் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறோம்.

அடுத்தது பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே இருக்கும் சார்ஜ் கன்ட்ரோலர். பேனல் மூன்றாகும்போது வரும் 600 வாட், 13 வோல்ட் பேட்டரிக்குள் இறங்கும்போது 46 ஆம்பியர் ஆகிறது. வண்டியில் இருந்தது 30 ஆம்பியருக்கானது. 100 வோல்ட், 50 ஆம்பியர் தாங்கும் எம்.பி.பி.டி. கன்ட்ரோலராக மாற்றினோம். அதன் பிறகுதான் கூரை ஏறினோம்.

பழைய பேனலோடு புதிதாக இரண்டைத் தொடர் இணைப்பில் சேர்த்தோம். தொடரில் ஆம்பியர் ஒத்துப்போக வேண்டும், பக்க இணைப்பில் வோல்ட். கடையில் வாட்டை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டைப் புரட்டிப் பார்ப்பதே இல்லை. எங்கள் மூன்றும் பத்து ஆம்பியர்ப் பேனல்கள். பக்க இணைப்பென்றால் கூரையிலிருந்து இறங்கும் கம்பியில் 30 ஆம்பியர் ஓடும், தொடரென்றால் பத்துதான். கம்பியில் சூடாக வீணாவது ஆம்பியரின் இருமடிக்கு ஏற்பக் கூடும் என்பதால், 40 வாட் வீணாகும் இடத்தில் ஐந்துகூட ஆகாது. பழைய கம்பியே போதுமாகிவிட்டது. குளிரில் பேனலின் வோல்ட் ஏறும். மூன்றும் சேர்ந்து 72 வோல்ட், உறைபனிக் காலையில் 77 வாக்கில் போகும். நூறுக்குள் அடங்கிவிட்டது.

தொடருக்குப் பகை நிழல். ஒரு செல் நிழலில் மாட்டினால், வரிசையாக நின்று செங்கல் கைமாற்றுகிறவர்களில் ஒருவர் கை ஓய்ந்த மாதிரி. பேனலுக்குள் இருக்கும் டையோடு அந்தப் பகுதியைச் சுற்றிக் கரண்டை அனுப்பும், ஆனால் அந்தப் பகுதியின் விளைச்சல் போனது போனதுதான். திருகு இறக்குமுன் பேனல்களைச் சும்மா பரப்பி வைத்து மாலை மூன்று மணிக்குப் பார்த்தேன். ஏ.சி. பெட்டியின் நிழல் ஒரு பேனலின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குத்தான் விழுந்தது. 340 வாட் இருந்த இடத்தில் 235. "என்னங்க, ஒரு அடி பின்னால தள்ளுங்க" என்றேன். தள்ளினார், எண் ஏறியது. அன்றைக்குப் பிறகு மிக்ஸியைப் பற்றி அவர் பேசுவதில்லை.

பேனலைக் கூரையோடு ஒட்டிப் பொருத்தாமல் அடியில் காற்றோட இடம் விட வேண்டும். சூடேறிய பேனல் பத்து சதவீதத்துக்கு மேல் விளைச்சலை இழக்கும். திருகு இறங்கும் ஒவ்வொரு ஓட்டையிலும் பியூட்டைல் டேப், மேலே கூரைக்கென்றே விற்கும் சீலன்ட். இதில் கஞ்சத்தனம் பார்த்தால் மழைக்குப் பலகை ஊறும். டிசம்பரில் குவார்ட்ஸைட்டின் உச்சிவெயில் 33 டிகிரி உயரம்தான் ஏறுகிறது. படுக்க வைத்த பேனலுக்கு நேர்வெயிலில் பாதிக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். சாய்த்து நிறுத்தக் கால்கள் உண்டு. எங்களுக்கு அவை இல்லாமல் இரண்டு யூனிட் தேறாது. கிளம்பும்போது மறக்காமல் மடக்க வேண்டும்.

"இதுல ஏ.சி. ஓடுமா?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஓடும், ஒன்றரை மணி நேரம். அதற்குள் பேட்டரி காலி. ஜூனில் நாங்கள் 2,100 மீட்டர் உயரத்து ஃபிளாக்ஸ்டாஃபுக்கு ஏறிவிடுகிறோம். அங்கே விசிறியே போதும், ஆனால் பைன் மரங்களுக்குள் கூரைப் பேனல் தூங்கும். அதற்காக மடக்கும் பேனல் ஒன்று, தனி கன்ட்ரோலரோடு. வண்டியை நிழலில் விட்டு, நீளக் கம்பியில் அதை வெயிலுக்கு இழுத்துப் போகலாம்.