பென்ட்ரைவும் விடைபெறும் முறையும்

தமிழ் மக்கள் ஓர் இல்லத்திலிருந்து புறப்படும்போது "போகிறேன்" என்று கூறுவதில்லை. "போய் வருகிறேன்" என்று கூறி, வீட்டார் "நல்லது, போய் வாருங்கள்" என விடை தந்த பின்னரே படியிறங்குவர். இவ்வொழுக்கம் கணினியோடு பழகும்போதும் வேண்டற்பாலது என்பதை யாம் ஓர் இழப்பின் வாயிலாகவே கற்றுக்கொண்டோம். அவ்விழப்பு இம்மலரோடு தொடர்புடையதாதலின், அதனை முதற்கண் கூறி, பின்னர் அதன் காரணத்தையும் தடுக்கும் வழியையும் விளக்கப் புகுகின்றோம்.

நம் கல்லூரியின் பழைய மாணவருள் மூத்தவர் ஒருவர் கம்பளையில் வாழ்ந்து வந்தார். தேயிலைத் தோட்டத்திலிருந்து மலைப்பாதை வழியே நடந்து வந்து பயின்ற நாள்களைப் பற்றி அவர் இம்மலருக்காகக் கூறியவற்றை எம் கைத்தொலைபேசியில் ஐந்து பகுதிகளாக ஒலிப்பதிவு செய்தோம். சில நாள் கழித்து, கண்டி நகரிலே ஒரு கடையிலிருந்த கணினி வாயிலாக அவற்றைப் பென்ட்ரைவுக்கு மாற்றினோம். தொலைபேசியில் இடம் வேண்டியிருந்தமையால், படியெடுத்து மூலத்தை வைத்திராது, முழுவதையும் பெயர்த்துவிட்டோம். திரையிலே வேலை முடிந்தது போலத் தோன்றியது. கட்டுகஸ்தோட்டைப் பேருந்து புறப்படும் வேளையாதலின், பென்ட்ரைவைப் பிடுங்கிக்கொண்டு ஓடினோம்.

இரு வாரங்களின் பின் அதனைக் கல்லூரிக் கணினியிற் பொருத்தியபோது, "பயன்படுத்துமுன் ஃபோர்மட் செய்க" என்னும் அறிவித்தலே தோன்றியது. அதற்குள் அப்பெரியவர் இறைவனடி சேர்ந்துவிட்டார்.

பென்ட்ரைவ் என்பது யாது? சிலர் இதனை 'விரலி' எனத் தமிழ்ப்படுத்துவர். யாம் மக்கள் வழக்கையே ஆளுகின்றோம். இதனுள்ளே சுழலும் தட்டு எதுவுமில்லை. நுண்ணிய சிற்றறைகள் கோடிக்கணக்கில் உள்ளன. ஒவ்வோர் அறையிலும் சிறிதளவு மின்னேற்றம் சிறைப்பட்டுக் கிடக்கின்றது. அவ்வேற்றத்தின் அளவே நாம் எழுதிய செய்தியாகின்றது. ஜப்பானிய நாட்டுத் தோஷிபா நிறுவனத்திற் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோக்கா என்பார் இவ்வகை நினைவகத்தை 1984ஆம் ஆண்டு உலகறியச் செய்தார். புகைப்படக் கருவியின் மின்னலைப் போல ஒரு பகுதி முழுவதும் ஒருங்கே அழிவதனால் 'ஃபிளாஷ்' என்னும் பெயர் இதற்கு வாய்த்தது. 2000ஆம் ஆண்டளவில் விற்பனைக்கு வந்த முதற் பென்ட்ரைவுகள் 8 மெகாபைட் அளவே கொண்டன. இன்று மாணவர் சட்டைப்பையிற் கிடக்கும் 64 கிகாபைட் பென்ட்ரைவ் அதனினும் எண்ணாயிரம் மடங்கு கொள்ளும்.

ஒரு நூலுக்குப் பொருளடக்கம் எத்தகையதோ, அத்தகையதோர் அட்டவணை பென்ட்ரைவின் தொடக்கத்தில் உண்டு. எக்கோப்பு எவ்வறைகளிற் கிடக்கின்றது என்பதை அதுவே காட்டும். கோப்பொன்றைச் சேமிக்கும்போது கணினி உள்ளடக்கத்தையும் எழுதவேண்டும், அட்டவணையையும் திருத்தவேண்டும். இவ்விரண்டையும் அது உடனுக்குடன் செய்வதில்லை. விரைவு கருதி, எழுதவேண்டியதைத் தன் நினைவிலே சிறிது நேரம் தேக்கிவைத்து, வாய்ப்பு நேரும்போது எழுதுவதுண்டு. ஆகவே, திரையிலே "முடிந்தது" எனத் தோன்றினும் உள்ளே வேலை நடந்துகொண்டிருத்தல் கூடும். அவ்வேளை பிடுங்கினால் உள்ளடக்கம் குறைபடும். அட்டவணை சிதைந்தாலோ பிற கோப்புகளும் காணாமற்போகும். எழுதும் வேளையில் மின்சாரம் தடைப்படினும் இதே கேடு விளையும். 2022ஆம் ஆண்டு மின்வெட்டுகளை அனுபவித்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

விண்டோஸ் கணினிகளில், 2018இன் பிற்பகுதியில் வந்த பதிப்பு முதல், இத்தேக்கம் பென்ட்ரைவுகளுக்கு இயல்பாகத் தவிர்க்கப்பட்டுள்ளது. எனினும் பழைய பதிப்புகள் நம்மூர்க் கடைகளிற் பல உள்ளன. வேறுவகைக் கணினிகள் இன்றும் தேக்கிவைக்கின்றன. எழுதிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கினால் எப்பதிப்பும் காவாது.

ஆதலின் விடைபெறும் முறை வருமாறு: முதலில், பென்ட்ரைவிலிருந்து திறந்த கோப்புகள் அனைத்தையும் மூடுக. பின்னர், திரையின் வலப்புறக் கீழ் மூலையிலுள்ள பென்ட்ரைவுக் குறியை அழுத்தி, 'எஜெக்ட்' என்பதைத் தெரிக. பாதுகாப்பாக அகற்றலாம் என்னும் செய்தி வந்த பின்னரே கழற்றுக. "இன்னும் பயன்பாட்டிலுள்ளது" எனக் கணினி மறுப்பின், ஏதோவொரு செயலி அதனைப் பற்றிக்கொண்டிருக்கின்றது என்று கொள்க. அதனைக் கண்டு மூடுக. காண இயலாவிடின், கணினியை முற்றாக நிறுத்திய பின் கழற்றுக.

இனி, கேடு நேர்ந்தபின் செய்யத்தக்கது யாது? ஃபோர்மட் செய்யுமாறு கணினி கேட்பின், இசையற்க. 'கேன்சல்' என்பதை அழுத்துக. வேறொரு துளையிலும், வேறொரு கணினியிலும் பொருத்திப் பார்க்க. கோப்புகள் தென்படின், திருத்தம் எதனையும் நாடுமுன் அவற்றைக் கணினிக்குப் படியெடுக்க. தென்படாவிடினும் மனந்தளரற்க. அட்டவணை கெட்டதனால் உள்ளடக்கம் அழிந்துவிட்டதென்று பொருளன்று. பொருளடக்கத் தாள் கிழிந்த நூலிலும் இயல்கள் கிடக்கின்றன அல்லவா? அவற்றைத் தேடியெடுக்கும் செயலிகள் உள; 'ஃபோட்டோரெக்' என்பது இலவசமாகக் கிடைப்பது. மீட்டவற்றை அதே பென்ட்ரைவிற் சேமித்தலாகாது. புதிதாக எழுதப்படுவது பழையதன் இடத்தைக் கவர்ந்துகொள்ளும். பென்ட்ரைவைக் கணினி சிறிதும் உணராவிடின், கேடு உறுப்பிலேயே உள்ளது. அரிய செய்தி இருப்பின், அசைத்தும் வளைத்தும் பாராது தேர்ந்தாரிடம் கொடுக்க.

நம் மாணவர் அடிக்கடி கொண்டுவரும் முறைப்பாடு வேறொன்று: கோப்புறைகள் மறைந்து, அவற்றின் பெயரிலேயே குறுக்குவழிக் குறிகள் தோன்றுதல். இது வைரசின் செயல். அக்குறிகளைத் திறவற்க. வைரசுத் தடுப்பி உள்ள கணினியில் சோதித்துத் துப்புரவாக்கியபின், மறைந்த கோப்புகளைக் காட்டுமாறு அமைத்தால், இழந்தோமென எண்ணியவை பெரும்பாலும் அங்கேயே இருக்கக் காணலாம்.

எமக்கு நேர்ந்ததற்கு மீள்வோம். தகவல் தொழினுட்பம் கற்பிக்கும் எம் உடனாசிரியர் மேற்கூறிய முறையிற் தேடி, நான்கு ஒலிப்பதிவுகளை மீட்டுத் தந்தார். ஐந்தாவது கிடைக்கவில்லை. யாம் பிடுங்கிய வேளையில் அது பென்ட்ரைவில் எழுதப்பட்டிருக்கவேயில்லை. எழுதப்படாததை எச்செயலியும் மீட்காது. தொலைபேசியிலே தேடினோம், அதன் பழைய இடத்தை விளையாட்டுவிழாப் படங்கள் நிரப்பியிருந்தன. தமக்குக் கற்பித்த ஆசிரியர்களைப் பற்றி அப்பெரியவர் கூறியது அவ்வைந்தாம் பகுதியிலேதான். அவர் கட்டுரை இம்மலரில் இடையே நின்றுவிடுவதன் காரணம் இதுவே. பிழை எம்முடையது.

விடைபெறுதல் பாதி மருந்தே. மறுபாதி, படிகள் பல வைத்தல். கண்டிக்கு வடக்கே, மாத்தளையை அடுத்த அலுவிகாரையில், வாய்மொழியாக வழங்கிய திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஏட்டிலேறியது என்பர். அங்கிருந்த ஏடுகள் 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக் காலத்தில் அழிந்தன. ஆயினும் திரிபிடகம் அழியவில்லை. அதன் படிகள் பல இடங்களில் இருந்தன. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின; வேறு படியில்லாதவை என்றென்றைக்குமாய்ப் போயின. நம் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிற் படியெடுத்துக் காக்கும் 'நூலகம்' முயற்சி 2005இல் எழுந்ததன் பின்னணியில் அவ்விழப்பின் நினைவும் உண்டு.

பென்ட்ரைவ் ஓர் எடுத்துச் செல்லும் கலம்; களஞ்சியமாக அதனைக் கொள்ளலாகாது. ஆண்டுக்கணக்கிற் பெட்டியிலே கிடந்தால், சிறைப்பட்ட மின்னேற்றமும் மெல்லக் கசியும். எனவே அரியவற்றுக்கு மூன்று படிகள் வைக்க: ஒன்று கணினியில், ஒன்று வேறொரு வன்தட்டில், ஒன்று வேறோர் இடத்தில். படி சரியாகத் திறக்கின்றதா எனக் கண்ட பின்னரே மூலத்தை அழிக்க.

பழைய மாணவர்களே, உங்கள் நினைவுகளை எமக்குக் கூறுங்கள், காலந்தாழ்த்தாதீர்கள். மாணவச் செல்வங்களே, அவர் கூறுவதைப் பதிவு செய்யுங்கள், படியெடுங்கள், பேருந்து ஒன்று தவறினாலும் அடுத்தது வரும், பொறுத்திருந்து விடைபெற்றுப் புறப்படுங்கள்.