ஓர் எழுத்தும் பிழைக்கக் கூடாது

தர்மபுரத்தில் குடும்ப விபரம் பதியும்போது பார்த்திருக்கிறேன்: பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் ஒரு தாய் மாதக்கணக்கில் அலைய நேரிடும்.

எமது உடலின் புரதங்களும் அப்படித்தான். இருபது வகை அமினோ அமிலங்களை மணிகளாகக் கோத்த மாலைகள் அவை. இன்சுலினில் 51 மணிகள். ஈமோகுளோபின் மாலையில் ஒரு மணி மாறினாலே அரிவாள் வடிவ இரத்தச்சோகை வரும்.

இந்த வரிசைகளைத் தேடித் திரட்டி, தன் குழுவோடு 1965இல் நூலாக்கியவர் அமெரிக்க விஞ்ஞானி மார்கரெட் டேஹோஃப். இரு பெண்பிள்ளைகளின் தாய். முதற் பதிப்பில் 65 புரதங்கள். 1983இல் அவர் மறைந்த பின்னும் பணி நிற்கவில்லை. 2002இல் அது ஐரோப்பியப் பதிவுகளோடு இணைந்து 'யுனிப்ரொட்' ஆனது. எவரும் இலவசமாகப் பார்க்கலாம். புதியதைச் சேர்ப்பதும் பிழை திருத்துவதும் இன்றும் தொடர்கின்றன.

சகோதரிகளே, எழுதியதோடு பதிவு முடிவதில்லை. உங்கள் பத்திரங்களையும் இன்றே எடுத்துப் பாருங்கள்; பிழையிருந்தால் திருத்துவியுங்கள்.